குட்டியானை மீது குற்றமில்லை

நான் விழுந்தது பட்டப்பகலில், நேரான சாலையில், எதிரே சும்மா நின்றிருந்த ஒரு வண்டியின் மேல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விபத்தைப் பற்றிப் பிறகு எழுதப்பட்ட காகிதங்களைப் படித்தால், ஒரு குட்டியானை மதம் பிடித்து ஓடிவந்து என்னைத் தேடிப்பிடித்து மிதித்தது என்றுதான் நினைப்பீர்கள். குட்டியானை காட்டிலிருந்து வந்ததல்ல. தக்காளி, வாழைத்தார், பந்தல் சாமான், சமயத்தில் கல்யாணப் பெண்ணின் பீரோ என்று எல்லாவற்றையும் சுமக்கும் சின்ன சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

காரிமங்கலத்தில் எனக்கு ஃப்ளெக்ஸ் பேனர் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று என் கணினியில் முகத்தைக் கொடுத்து வெளுத்துக்கொள்ளாமல் இந்த வட்டாரத்தில் யாரும் பெரியவர் ஆவதும் இல்லை, சாவதும் இல்லை. அன்று மாரண்டஹள்ளிக்குப் பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்து பேனரைக் கொடுத்துவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். தை மாதம். வெயில் இன்னும் மரியாதையாக இருந்த நேரம்.

தை மாதத்தில் எங்கள் கிராமத்துச் சாலைகளுக்கு இன்னொரு வேலை வந்துவிடும். பிடுங்கிக் காயவைத்த கொள்ளுக்கொடியை மெத்தை மாதிரி தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறிப் போகப்போக காய் வெடித்துக் கொள்ளு தனியாக உதிர்ந்துவிடும். இதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. பாதி ரோட்டில்தான் போட வேண்டும். பெரிய வண்டி கொடிமேல் ஏறிப் போக வேண்டும், பைக்கில் வருகிறவன் மிச்சப் பாதியில் ஒதுங்கிப் போக வேண்டும். ஏறாமல் விலகிப் போகிற லாரி டிரைவரை "என்ன மனுசன்" என்பது போல ஒரு பார்வை பார்ப்பார்கள். எந்த அரசாணையிலும் இது இல்லை. ஆனால் அரசாணையில் இருக்கிற எந்த விதியையும்விட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுவது இதுதான்.

என் பக்கத்துப் பாதியில் கொடி கிடந்தது. நான் நடைமுறைப்படி அடுத்த பாதிக்கு மாறினேன். அதுவரை உலகத்தில் எந்தக் குறையும் இல்லை. அப்போதுதான் ஒரு வயல் ஓரத்தில் நான் அடித்த கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று கண்ணில் பட்டது. இறந்தவர் ஆயுசு முழுக்கப் பனியன் மட்டும் போட்டிருந்தவர். நான் அவருக்கு நீல நிறத்தில் ஒரு கோட்டு மாட்டி, பின்னால் பனிமலையும் புறாவும் வைத்திருந்தேன். வெயிலில் நின்றும் அந்த நீலம் மங்கவில்லை. கலைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஓட்டிக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்த்தேன், புறாவைப் பார்த்தேன். முகத்தை முன்னால் திருப்பியபோது எதிரே குட்டியானை.

அது தன் பக்கத்தில், தன் பாதியில் இருந்தது. என் முகம் வயலைப் பார்ப்பதைக் கண்டு டிரைவர் முன்னாடியே வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் கொடிமேல் பைக்கைத் திருப்பி, கொடிமேலேயே பிரேக்கையும் போட்டேன். கொடிக்கு அடியில் உதிர்ந்த கொள்ளு கோலிக்குண்டு மாதிரி உருண்டது. பைக்கும் நானும் பிரிந்தோம். அது முன்னால் போக, நான் பின்னால் போக, இருவரும் குட்டியானையின் முன்சக்கரத்தில் மறுபடி ஒன்று சேர்ந்தோம். நடுவில் என் இடது கால் மாட்டிக்கொண்டது.

ஹெல்மெட் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. முழங்கையில் மாட்டியிருந்தேன். முழங்கைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்ல மனசுக்காரர்களின் வேலை. கொள்ளு போட்டிருந்த வூட்டுக்கார அம்மா ஓடிவந்து என் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, துண்டைக் கிழித்துக் காலைக் கட்டினார். டிரைவர் பையன் வண்டியில் இருந்த தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் கிரேடுகளில் பாதியை ரோட்டோரம் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் என்னைப் படுக்கவைத்து தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என் பைக்கைத் தூக்கிப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, இன்னொருத்தன் வழுக்கிவிடக் கூடாது என்று கொள்ளு முழுவதையும் சுருட்டி எடுத்து ரோட்டைக் கூட்டியும் விட்டார். போலீஸ் வந்து பார்த்தபோது சாலை, கல்யாண மண்டபத்துத் தரை மாதிரி பளிச்சென்று இருந்தது. நின்ற வண்டி நின்ற இடத்தில் இல்லை, கிடந்த கொடி கிடந்த இடத்தில் இல்லை. என்னைக் காப்பாற்றிய ஒவ்வொருவரும் ஆளுக்குக் கொஞ்சம் சாட்சியத்தை அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவருக்கும் அது தெரியாது.

வண்டியில் போகும்போது அந்தப் பையன் பின்பக்கக் கண்ணாடி வழியே என்னை விடாமல் பேசவைத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணா, கண்ண மூடாதீங்க. என்ன தொழிலுங்க?"

"பேனர் கடை."

"அப்படியா. எங்க பாப்பாவுக்குக் காது குத்தணும். பேனர் அடிச்சா போட்டோல கலரு கொஞ்சம் ஏத்துவீங்களா?"

"ஏத்தலாம்."

"தூங்காதீங்கண்ணா. பேனர்ல தாய்மாமன் பேரு பெருசா போடணுமா, அப்பன் பேரு பெருசா போடணுமா?"

எலும்பு உடைந்து கிடப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் பதிலை யோசித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரைக்கும் விழித்திருந்தேன். நடுவில் தன் வீட்டுக்குப் போன் போட்டு, வீட்டில் பேசுகிற கன்னடத்தில், "ஏனில்ல, ஏனில்ல" என்றான். ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவனுக்கு ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆபரேஷன் முடிந்து நான் கண்ணைத் திறந்தபோது மனைவியும் அவள் தம்பியும் கட்டில் ஓரத்தில் நின்றார்கள். என் மச்சினன் நிலம் வாங்கி விற்பவன். ஒரு வழக்கில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போய்வந்ததிலிருந்து சட்டம் தனக்கு அத்துப்படி என்ற எண்ணம் அவனுக்கு.

"கேஸ் போட்டாச்சு மாமா. நிம்மதியா இருங்க" என்றான்.

"யார் மேல?"

"குட்டியானை மேல."

"அது நின்னுக்கிட்டு இருந்துச்சு மாப்ள."

அவன் அக்காவைப் பார்த்தான். "மயக்கம் இன்னும் தெளியலக்கா."

"தெளிஞ்சுதான் பேசறேன். வண்டி நின்னுச்சு. நான்தான் போயி இடிச்சேன்."

"மாமா, பெரிய வண்டியும் சின்ன வண்டியும் முட்டினா பெரிய வண்டி மேலதான் கேஸ். இது ஊர் ஒலகத்துக்கே தெரியும்."

"அப்போ நான் போயி யானை மேல இடிச்சாலும் யானை மேல கேஸா?"

"பாத்தியாக்கா, இன்னும் தெளியல" என்றான் மச்சினன்.

அவன் கொடுத்த புகாரின் நகலை வாங்கிப் படித்தேன். "மேற்படி வாகனத்தை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று இருந்தது. எங்கள் மாவட்டத்தில் எழுதப்படும் எல்லா விபத்துப் புகார்களிலும் அந்த இரண்டு வார்த்தைகளும் மாப்பிள்ளை பெண் மாதிரி ஒன்றாகத்தான் வரும். என் கடையில் "ஆழ்ந்த இரங்கல்" என்று அடிப்பது மாதிரிதான். ஆழம் எவ்வளவு என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அந்த டிரைவர் பையன் ஒருநாள் வார்டுக்கு வந்தான். உள்ளே வராமல் கதவருகே நின்றான். என் மச்சினன் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கட்டிலுக்கு வந்தான்.

"லைசென்ச வாங்கி வெச்சிக்கிட்டாங்கண்ணா. வண்டி ஸ்டேசன்ல நிக்குது. ஓனரு வண்டிய எடுத்துருவாரு. ஆனா வேற டிரைவரப் போட்டுக்கறன்னுட்டாரு."

"நான் சொல்றேன்ப்பா. நீ நின்னுட்டுத்தான் இருந்தன்னு."

"சொல்லுங்கண்ணா." அவன் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. "ஓனரு ஒண்ணு சொல்றாருண்ணா. ஒங்கள அங்கயே வுட்டுட்டுப் போயிருந்தா வண்டி நம்பர்கூடத் தெரிஞ்சிருக்காதாம். தூக்கிட்டு வந்தது என் தப்புதானாம்."

நான் ஜோக்கடிக்கிறவன். கால் உடைந்தபோதும், காலுக்குள் தகடு வைத்தபோதும் நர்சுகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவன். அன்று அந்த வேலைக்கு லீவு விட்டேன். அவன் போன பிறகு மனைவியிடம், "இந்தக் கேஸிலேர்ந்து அவனை வெளிய எடுக்காம விடப்போறதில்ல" என்றேன்.

என் மனைவிதான் கடையில் பில் போடுகிறவள். எதற்கும் கைதட்ட மாட்டாள். பேனரைப் பார்த்த கதையை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"எடுங்க. ஆனா உண்மையச் சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லணும். கொள்ளுல வழுக்குச்சுன்னு பாதிய சொல்லிட்டு, பேனரப் பாத்துட்டு வந்தத மறைக்கக் கூடாது."

"அது எதுக்கு?"

"செத்தவரு கோட்டு நல்லாருக்குதான்னு பாத்துட்டு வந்ததால தானே அவன் வண்டிய நிறுத்த வேண்டியதாச்சு?"

வீட்டிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் மச்சினன் என்னை ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனான். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வலிக்கும் பல்லைக் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி தலையாட்டினார்.

"இத எங்கிட்ட சொன்னீங்க, சரி. வெளிய சொல்லாதீங்க. எதிர்வண்டி மேல தப்பு இருந்தாத்தான் அந்த வண்டியோட இன்சூரன்ஸ்காரன் உங்களுக்கு நஷ்டஈடு தருவான். ஹெல்மெட் போடலன்னு உங்க மேல கொஞ்சம் பங்கு போடுவாங்க. அதப் பேசிக் குறைச்சிக்கலாம். நீங்களே போயி அவன் மேல தப்பில்லன்னு சொன்னா, கேஸே நிக்காது."

"அந்தப் பையனுக்கு?"

"அவனுக்கு என்ன, ஒரு ஃபைன் கட்டிட்டுப் போவான். பணம் தர்றது கம்பெனி. யாருக்கும் நஷ்டமில்ல."

"லைசென்ஸ்?"

"அது வேற டிபார்ட்மென்ட்" என்றார் வக்கீல்.

வெளியே வந்ததும் மச்சினன் என் வாக்கரைப் பிடித்து நிறுத்தினான். "மாமா, ஒங்களுக்குத்தானே காலு போச்சு? கடையத் தொறந்து மாசமாவுது. வர்றத வேணாங்கறீங்களே."

"வேணாங்கல மாப்ள. அவன் இடிச்சிருந்தா கடைசிக் காசு வரைக்கும் நின்னு வாங்கியிருப்பேன். அவன் இடிக்கலயே."

"இதெல்லாம் யாரு பாக்கறாங்க?"

"அதுதான் பிரச்சினை. யாரும் பாக்கல. கூட்டி வுட்டுட்டாங்க."

ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த சப்-இன்ஸ்பெக்டர் என் வயதுக்காரர். நாற்காலி போடச் சொன்னார். பேனரை மட்டும் விட்டுவிட்டு நான் சொன்னதைக் கேட்டதும் என்னைவிட்டு வாக்கரைப் பார்த்தார், வாக்கரைவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடிபட்டவரு வந்து, இடிச்சவன் தங்கமான பையன்னு சொன்னா, எங்களுக்கு ஒண்ணுதான் தோணும். எவ்ளோ வாங்கினீங்க?"

"அவங்கிட்ட வாங்கறதுக்கு தக்காளிதான் சார் இருக்குது. அதுவும் அன்னைக்கே நசுங்கிப்போச்சு."

அவர் சிரிக்கவில்லை. விபத்து நடந்த இடத்தின் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். நேராக இரண்டு கோடு, நடுவில் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறிதான் நான். "இதுல கொள்ளு எங்க இருக்குது? நாங்க போனப்ப ரோடு சுத்தமா இருந்துச்சு. வண்டியும் எடத்துல இல்ல. கொள்ளு போட்டவங்க வந்து சொல்லட்டும், பாக்கலாம்."

கொள்ளு போட்டவர்களைத் தேடிப் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கட்டிலை எடுத்துப் போட்டு, காலைத் தொட்டுப் பார்த்து, "தகடு வெச்சிருக்காங்களா சாமி" என்று கேட்டுவிட்டு உள்ளே மோர் எடுக்கப் போனார். வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நாங்க ரோட்டுல எங்க போட்டோம்? எங்களுது களத்துல அடிச்சதுங்க."

அவர் அதைச் சொல்லி முடிக்கும்போது எங்கள் கண்ணெதிரே ஒரு டவுன்பஸ், வாசலுக்கு நேரே ரோட்டில் கிடந்த கொடிமேல் சடசடவென்று ஏறிப் போனது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"அது?" என்றேன்.

"அது பக்கத்து வூட்டுக்காரங்களுது" என்றார் அவர். பிறகு பொறுக்க முடியாமல் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ஆமான்னு சொன்னா எம்மேல கேசு வரும். நான் ஸ்டேசன் வாசப்படி ஏறினதில்ல. ஒங்கள என்ன வேணும்னா தள்ளிவுட்டோம்? துண்டக் கிழிச்சுக் கட்டுனது எங்க வூட்டுப் பொம்பளதானே?"

"கேசு வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா இப்ப தப்பே செய்யாத ஒருத்தன் மேல இருக்குது. அத மட்டும்தான் எடுக்கணும்."

அந்த அம்மா மோரைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருந்தார் என்பது தெரிந்தது. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுபடி ஸ்டேஷன். சப்-இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். பெஞ்சு ரொம்ப உயரம். காலைத் தொங்கப் போட்டால் தகட்டுக்குள் யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது. அதனால் வெளியே பறிமுதல் வண்டிகள் நிற்கிற இடத்தில், வேப்பமர நிழலில், தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். காத்திருக்கும்போது என் சொந்தக் கண்ணீர் அஞ்சலி பேனரை மனசுக்குள் டிசைன் செய்து பார்த்தேன். கோட்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டு வெள்ளாடு ஒன்று பறிமுதல் வண்டிகளுக்கு நடுவே உரிமையோடு திரிந்துகொண்டிருந்தது. அங்கே கொண்டுவந்து வைத்திருந்த என் பைக்கிடம் வந்ததும் நின்று, பின்சக்கரத்துக்குள் மூக்கை விட்டு எதையோ இழுத்தது. வரவில்லை. கால்களை ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தது. ஆடு இரும்பைத் தின்னாது என்கிற அளவுக்கு எனக்கு அறிவு உண்டு. பிட்டத்தாலேயே நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கிடந்தது காய்ந்த கொள்ளுக்கொடி. வெளியே தெரிந்த பாகத்தை ஆடு பல நாளாக மேய்ந்து முடித்திருந்தது. கொடியின் மிச்சம் செயின் கவருக்குள் போயிருந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தியவர்களும், ஸ்டேஷனுக்கு ஏற்றி வந்தவர்களும் எல்லாவற்றையும் துடைத்தார்கள், இந்த இடத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. நான் வாக்கரை நீட்டி ஆட்டை விரட்டினேன். அது போகவில்லை. சப்-இன்ஸ்பெக்டரின் ஜீப் உள்ளே வந்தபோது, அடிபட்ட வாதி தரையில் புரண்டபடி ஒரு வெள்ளாட்டுடன் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் காட்சியைத்தான் அவர் பார்த்தார்.

"என்னங்க இது?"

"சாட்சியத்த ஆடு திங்குது சார்."

அவர் குனிந்து பார்த்தார். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு செயின் கவரைக் கழற்றச் சொன்னார். உள்ளே கிரீஸில் தோய்ந்து, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, காயும் இலையுமாக ஒரு கைப்பிடிக் கொடி இருந்தது. ஒரு காயை நசுக்கினார். உள்ளங்கையில் கொள்ளு விழுந்தது.

"சரி. ரோட்டுல கொள்ளு இருந்துச்சு. யாருது?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதில்தான் தெரியவில்லை. சொன்னால், என் தலையை மடியில் வைத்திருந்த அம்மாவின் மேல் போகும். சொல்லாவிட்டால், என்னைத் தக்காளிக்கு நடுவில் படுக்கவைத்தவன் மேலேயே நிற்கும். எனக்கு உதவி செய்தவர்களில் யாரைக் காட்டிக்கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கிற நிலைமை.

"நாளைக்கு வந்து சொல்றேன் சார். கண்டிப்பாச் சொல்வேன்."

அன்றே அந்த வீட்டுக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரர் எடுத்தார். "நாளைக்கு நான் உங்க வூட்டச் சொல்லப்போறேன். உங்களுக்குத் தெரியாமச் சொல்லக் கூடாதுன்னுதான் சொல்றேன்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அன்று என் வீட்டில் யாரும் ஜோக்கடிக்கவில்லை, என்னையும் சேர்த்து.

மறுநாள் நானும் மனைவியும் போனபோது அந்த அம்மா ஸ்டேஷன் வாசலில் எங்களுக்கு முன்பே நின்றிருந்தார். வெளுத்த புடவை, கையில் மஞ்சப்பை. வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி மரத்தடியில், வாசற்படி ஏறாமல் நின்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் கேட்பதற்கு முன்பே அந்த அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"எங்களுதுதாங்க சார் கொள்ளு. பாதி ரோட்டுலதான் போட்டோம். எல்லாரும் போடறதுதான். ஆனா எங்களுதுதான்."

"இத்தன நாளா ஏன் வந்து சொல்லல?"

"அவரு வேணாம்னாருங்க. பயந்தாங்கொள்ளி. நானும் சும்மாத்தான் இருந்தேன். அந்தப் பையன் தக்காளிய எறக்கி ரோட்டுல வெச்சிட்டு இவரத் தூக்கிட்டு ஓடினான் சார். அந்தத் தக்காளிய மாடு தின்னுச்சு. அவன் திரும்பி வந்து, வெறும் கிரேட எடுத்துட்டு, ஒரு வார்த்த கேக்காமப் போனான். அவன் மேல கேசுன்னா எனக்குச் சோறு எறங்கல."

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மா முடிக்கவில்லை.

"ஆனா சார், இவரு மேலயும் தப்பு இருக்குது. ரோட்டப் பாக்கவே இல்ல. வயலுப் பக்கமே தலயத் திருப்பிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டே வந்தாரு. நான் கத்தினேன். அந்தப் பையன் வண்டிய நிறுத்திட்டு ஆரன் அடிச்சான். அப்பவும் திரும்பல."

"வயல்ல என்னங்க இருந்துச்சு?" என்று சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"ஒரு பேனர் சார்."

"என்ன பேனர்?"

"கண்ணீர் அஞ்சலி."

"அதப் பாத்து எதுக்குச் சிரிச்சீங்க?"

மனைவி முன்னால் வந்தாள். "அவரு அடிச்ச பேனருங்க சார். கோட்டு நல்லா வந்திருந்துச்சாம்."

அப்போதுதான் சப்-இன்ஸ்பெக்டர் முதல்முறையாகச் சிரித்தார். கான்ஸ்டபிளும் சிரித்தார். மரத்தடியிலிருந்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

புது வாக்குமூலம் எழுதினார்கள். பழைய பழக்கத்தில் எழுதுகிறவர், இந்தத் தடவை என்னைப் பற்றி, "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று ஆரம்பித்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"அஜாக்கிரதைய ஒத்துக்கறேன் சார். அதிவேகத்த எடுத்துடுங்க. அந்த பைக்க வெச்சி யாராலயும் அதிவேகமாப் போக முடியாது. ஸ்கூல் பையன் சைக்கிளே என்ன முந்திட்டுப் போவும்."

"ரெண்டும் சேத்து எழுதறதுதாங்க வழக்கம்" என்றார் எழுதுகிறவர்.

"அந்த வழக்கத்தாலதான் இவ்ளோ தூரம் வந்திருக்கோம்."

சப்-இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். எழுதுகிறவர் வருத்தத்தோடு அந்த வார்த்தையைக் கோடு போட்டு அடித்தார். ஜோடியை முதல்முறையாகப் பிரித்தவன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

டிரைவர் மேல் குற்றமில்லை என்று அறிக்கை கோர்ட்டுக்குப் போனது, அங்கேயும் ஏற்றுக்கொண்டார்கள். கொள்ளு போட்டதற்கு அந்த வீட்டுக்காரர் அபராதம் கட்டினார். ஸ்டேஷன் படியேறித்தான் கட்டினார். ஹெல்மெட்டை முழங்கைக்குப் போட்டதற்கு நான் கட்டினேன். நஷ்டஈடு கேட்கும் வழி அத்தோடு அடைபட்டது. மச்சினன் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கியபோது, "மாமா, தன் மேலயே கேஸ் போட்டு ஜெயிச்ச ஒரே ஆளு நீங்கதான்" என்றான். ஈரமான தரையைக் கண்டால் இன்றைக்கும் என் இடது கால் யோசித்துத்தான் இறங்குகிறது.

லைசென்ஸைத் திரும்பக் கொடுத்த அன்று பையன் என்னையும் வரச் சொல்லியிருந்தான். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வைத்த இடத்தில் இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தான். ஓனர் அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டதாகச் சொன்னான். ஸ்டேஷன் வாசலில் தக்காளி ஏற்றிய குட்டியானை நின்றது. ஏறப் போனவன் திரும்பி வந்தான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். இனிமே ரோட்டுல எவனாச்சும் வுழுந்து கெடந்தா, தூக்கணுமா வேணாமா?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதிலைக் கேட்டுக்கொண்டு அதன்படி நடக்கப் போகிறவனுடைய முகம் அது.

"தூக்கு. ஆனா மொதல்ல நாலா பக்கமும் போட்டோ எடுத்துட்டு, அப்புறம் தூக்கு."

அவன் என் காலைப் பார்த்தான்.

"அன்னைக்கு நான் போட்டோ எடுத்துக்கிட்டு நின்னிருந்தா, எவ்ளோ ரத்தம் போயிருக்கும் தெரியுமாண்ணா?"

"சரி, தூக்கிக்கிட்டே எடு" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். கிளப்பியவன் மறுபடி நிறுத்தி, முன்கண்ணாடி ஓரத்தில், ரோட்டைப் படம்பிடிக்கிற மாதிரி போனை நிறுத்தி வைக்க ஒரு இடம் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினான்.